இப்ப கேக்குதா?

உங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு காலத்தில் மீன்முள் மாதிரி ஓர் ஆன்டெனா இருந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குச் சுலபமாகப் புரியும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எனக்கே புரிந்துவிட்டது. நான் பி.காம்.

1986-ல் தூத்துக்குடியில் பெரியம்மா வீட்டுக்கு டி.வி. வந்தது. நம் தூர்தர்ஷன் கொசு மொய்த்த மாதிரி தெரியும். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து இலங்கையின் ரூபவாஹினி மட்டும் பளிச்சென்று வரும். ஆன்டெனா சரியான திசையில் நின்றால்! சாயந்திரக் காற்று அதை நிற்க விடாது. அப்போது பெரியம்மாவின் மகன் மாடிக்கு ஏறுவார். எனக்கு அண்ணன் முறை, பன்னிரண்டு வயது மூத்தவர், இன்ஜினீயரிங் மாணவர். மேலேயிருந்து குரல் வரும்: "ஏலே, இப்ப வருதா?"

கீழே, டி.வி. முன்னால், ஏழு வயது நான். "வரல... வரல... வருது! ஐயோ, போச்சு."

முப்பத்தோரு வருடம் கழித்து, 2017 அக்டோபரில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு கார் ஷெட்டுக்குள் அதே அண்ணன் அதே தொனியில் என்னைக் கேட்டார். "இப்ப என்னலே காட்டுது?" என் கையில் ஒரு சின்ன அளவுக் கருவி. அவர் கையில் ஒட்டும் செப்புப் பட்டை. எங்களுக்கு நடுவே, கார் நிற்க வேண்டிய இடத்தில், ஒரு விமானத்தின் பாதி.

ஆமாம், விமானம்தான். வீட்டிலேயே செய்வது. அமெரிக்காவில் இது சட்டப்படி சரியான பொழுதுபோக்கு. வேலையில் பெரும்பகுதியைத் தொழிற்சாலை செய்யாமல் பொழுதுபோக்குக்காரர்கள் தங்கள் கையாலேயே செய்திருக்க வேண்டும் என்பது விதி. 'ஐம்பத்தொரு சதவிகித விதி' என்று சொல்கிறார்கள். (கம்பெனிச் சட்டம் படித்த எனக்கு உடனே பிடித்துப் போனது இந்தப் பெயர்.) இவர்களுக்கென்று 1953-லிருந்து இ.ஏ.ஏ. என்றொரு சங்கம் இருக்கிறது. அதே விஸ்கான்சினில் ஓஷ்கோஷ் என்ற ஊரில் வருடா வருடம் ஜூலைக் கடைசியில் திருவிழா. 2023-ல் ஆறு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். நம்மூரில் தேர் பார்க்கப் போகிற மாதிரி குடும்பத்தோடு வந்து, கூடாரம் அடித்து, விமானத்தின் றெக்கைக்குக் கீழேயே படுத்துத் தூங்குகிறார்கள்.

அண்ணன் செய்துகொண்டிருந்தது 'லாங்-ஈஸி' என்ற மாடல். பர்ட் ரூட்டான் என்ற மகா கெட்டிக்காரர் வரைந்தது. 1975-ல் அவருடைய வாரி-ஈஸி பறந்தது, 1979-ல் லாங்-ஈஸி. இதே ஆசாமி வடிவமைத்த வாயேஜர்தான் 1986 டிசம்பரில் நடுவில் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல் ஒன்பது நாளில் உலகைச் சுற்றி வந்தது. 2004-ல் விண்வெளியைத் தொட்டுத் திரும்பிய ஸ்பேஸ்ஷிப்-ஒன்னும் அவர் கைவண்ணம். லாங்-ஈஸியைப் பார்த்தால் முன்பக்கத்தைப் பின்பக்கமாக மாட்டிவிட்டார்களோ என்று தோன்றும். சின்ன றெக்கை முன்னால், பெரிய றெக்கை பின்னால், எஞ்சின் முதுகில். வால் கிடையாது. அதற்குப் பதில் றெக்கை நுனி இரண்டிலும் நெட்டுக்குத்தாக ஒரு துடுப்பு. விங்லெட் என்று பெயர். ஆள் இறங்கிவிட்டால் பின்பாரம் தாங்காது என்று முன் சக்கரத்தை மடக்கி மூக்கைத் தரையில் ஊன்றி வைப்பார்கள். முன்னங்காலை மடித்துப் படுத்த ஒட்டகம் மாதிரி இருக்கும்.

முக்கியமான விஷயம், இதில் தகரம் இல்லை. தெர்மோகோலின் பெரியப்பா மாதிரி ஒரு நுரைக்கட்டியைச் சூடான கம்பியால் றெக்கை வடிவத்தில் அறுத்து, அதன்மேல் கண்ணாடியிழைத் துணியைப் போர்த்தி, எபாக்ஸி பசையை ஊற்றித் தேய்த்துக் காய விடுகிறார்கள். காய்ந்தால் சுத்தியால் தட்டினாலும் அசையாது. பெங்களூரு என்.ஏ.எல்.லில் செய்த ஹன்சா பயிற்சி விமானமும் இந்தக் கண்ணாடியிழை ஜாதிதான். 1993-ல் பறந்தது.

அண்ணன் இதைத் தொடக்கத்திலிருந்து செய்யவில்லை. ரூட்டான் 1985-லேயே வரைபடம் விற்பதை நிறுத்திவிட்டார். அதனால் பாதியில் நின்றுபோன விமானங்கள் கை மாறிக்கொண்டே இருக்கும். இவர் 2009-ல் ஒரு பெரியவரிடமிருந்து வாங்கினார். டெலிபோன் இலாகாவில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். 1983-ல் ஆரம்பித்து, உடம்பு முழுதும், இடது றெக்கை முழுதும் முடித்து, வலது றெக்கை பாதியில் இருக்கும்போது கண்பார்வை போய்விட்டது. கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்தார். இரண்டு வருடத்தில் அவரும் போய்விட்டார்.

இடது விங்லெட்டின் அடியிலிருந்து கறுப்பு வயர் ஒன்று ஒரு முழ நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அதுதான் ரேடியோ ஆன்டெனாவின் கடைசி நுனி. ஆன்டெனா உள்ளே எங்கோ, எபாக்ஸிக்கு அடியில் முப்பது வருடமாகப் புதைந்து கிடக்கிறது. ஒழுங்காக வைத்தாரா, வயர் உள்ளே அறுந்துபோனதா, யாருக்கும் தெரியாது. திறந்து பார்க்க முடியாது. திறந்தால் றெக்கையின் பலம் போய்விடும்.

"நல்ல மனுசன்தான். ஆனா எப்படி நம்புறது, சொல்லு?" என்றார் அண்ணன்.

நான் ஏன் இதை இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், விமானத்தில் ஆன்டெனாவைப் பற்றி அதுவரை நான் ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை. நீங்கள் யோசித்திருக்கிறீர்களா? ஜன்னல் சீட், சாப்பாடு, லக்கேஜ் எத்தனை கிலோ, இவ்வளவுதானே!

தகர விமானத்தில் ஆன்டெனா வெளியேதான் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே வைத்தால், டப்பாவுக்குள் செல்போனை வைத்து மூடிய கதை. ஆனால் கண்ணாடியிழை வழியே ரேடியோ அலை தாராளமாகப் போகும், வரும். அதனால் ஆன்டெனாவை உள்ளேயே ஒளித்துவிடலாம். வெளியே ஒரு குச்சிகூட இருக்காது. காற்று உராயாது, வேகம் குறையாது. பிளாஸ்டிக் விமானக்காரர்களுக்கு வாய்த்த பெரிய சலுகை இது.

கரியிழை என்று இன்னொன்று இருக்கிறது, கார்பன் ஃபைபர். இன்னும் பலம், இன்னும் லேசு. ஆனால் மின்சாரத்தைக் கடத்தும். ரேடியோ அலைக்கு அதுவும் தகரம்தான். விங்லெட்டில் ஒரு அடுக்கு கரியிழை போட்டால் கெட்டியாக இருக்குமே என்று அண்ணனுக்கு ஆரம்பத்தில் ஆசை இருந்ததாம். போட்டிருந்தால் உள்ளே இருக்கும் ஆன்டெனா கல்லறைக்குள் போனதுதான். உலோகத்தூள் கலந்த மினுமினுப்புப் பெயின்ட்கூட அந்த இடத்தில் ஆகாது என்றார். அதனால்தான் விமானம் முழுக்க வெறும் வெள்ளை.

சரி, எந்த ஆன்டெனா, எங்கே?

இங்கேதான் மொட்டை மாடி திரும்பி வருகிறது. நம் டி.வி. ஆன்டெனாவின் முட்கள் படுக்கையாக இருக்கும், கவனித்திருப்பீர்கள். டி.வி. நிலையம் அலையைப் படுக்கையாக அனுப்பியதால் அப்படி. வாங்குகிற கம்பியும் அனுப்புகிற கம்பியும் ஒரே மாதிரி படுத்திருக்க வேண்டும், அல்லது ஒரே மாதிரி நிற்க வேண்டும். ஒன்று நின்று ஒன்று படுத்தால் அலையில் பெரும்பகுதி வீண். விமானி தரையோடு பேசுகிற ரேடியோ நெட்டுக்குத்து ஜாதி, 118-லிருந்து 137 மெகாஹெர்ட்ஸ் வரை. வழி காட்டும் வி.ஓ.ஆர். நிலையங்கள் அதற்குச் சற்றுக் கீழே, 108-லிருந்து 118 வரை. அவை படுக்கை ஜாதி. ஆகவே பேசும் ஆன்டெனா நெட்டுக்குத்தாக நிற்கிற விங்லெட்டுக்குள் போகிறது. வழி கேட்கும் ஆன்டெனா முன்பக்கத்துச் சின்ன றெக்கைக்குள், ஆங்கில 'வி' எழுத்து மாதிரி படுத்துக்கொள்கிறது. இதற்காகவே அளவெடுத்துச் செய்த மாதிரி விமானம்.

நீளம் ரொம்ப முக்கியம். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் வந்துவிடும். (வகுத்தல் எனக்கு வரும்.) நடுவாந்தரமாக 127 என்று வைத்துக்கொண்டால் 2.36 மீட்டர். அதில் கால்வாசி ஒரு கை, இன்னொரு கால்வாசி இன்னொரு கை. ஒவ்வொரு கையும் ஐம்பத்தொன்பது சென்டிமீட்டர். நடைமுறையில் பட்டை அகலமாக இருப்பதால் இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும். தோட்டத்தில் பூந்தொட்டியில் நத்தை ஏறாமலிருக்கச் சுற்றி ஒட்டுவார்களே, அந்த மாதிரி செப்புப் பட்டைதான். மேல் நோக்கி ஒன்று, கீழ் நோக்கி ஒன்று. நடுவில் வயரைப் பற்றவைத்தால் ஆன்டெனா முடிந்தது. செலவு நம் ஊர் மல்டிப்ளெக்ஸில் ஒரு குடும்பம் பாப்கார்ன் சாப்பிடுகிற அளவு.

பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வயரில் மூன்று கறுப்பு வளையங்களைக் கோத்தார். இருப்பதிலேயே சின்ன மெதுவடை அளவு. ஃபெர்ரைட். எதற்கு என்றேன். ரேடியோவிலிருந்து போகும் சக்தியில் ஒரு பகுதி ஆன்டெனாவில் ஏறாமல், வயரின் வெளி உறை வழியாக வந்த வழியே திரும்பப் பார்க்குமாம். இந்த வளையங்கள் அதை மறித்து நிறுத்தும். இல்லாவிட்டால் வயரும் ஆன்டெனா வேலை பார்க்கத் தொடங்கி, பேசும்போதெல்லாம் காக்பிட்டில் வேறு கருவிகளின் முள் ஆடும்.

என் கையிலிருந்த கருவி அளந்தது வேறொரு திரும்பலை. எஸ்.டபிள்யூ.ஆர். என்பார்கள். நான் அதை 'சேல்ஸ் ரிட்டர்ன்' என்று புரிந்துகொண்டேன். அனுப்பிய சரக்கில் எவ்வளவு விற்காமல் திரும்பி வருகிறது? 1 என்று காட்டினால் அத்தனையும் போணி. 2 என்றால் நூற்றுக்குப் பதினொன்று திரும்புகிறது. 3 என்றால் கால்வாசி. அனுப்புவதே சொற்பம். அவருடைய ரேடியோவின் சக்தி பத்து வாட்டுக்குள். உங்கள் ஹாலில் எரிகிற எல்.இ.டி. பல்பு சாப்பிடுகிற அளவுதான். அதை வைத்துக்கொண்டு மூவாயிரம் அடி உயரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் பேசலாம், ஆன்டெனா நல்லபடியாக இருந்தால்.

முதலில் பெரியவரின் இடது விங்லெட்டை அளந்தோம். அண்ணன் வயரைச் சொருகும்போது அவர் நெற்றியில் வேர்வை. வெளியே நாலு டிகிரி குளிர்.

"என்னலே காட்டுது?"

"ஒண்ணு புள்ளி நாலு, அண்ணே."

"திரும்பப் பாரு."

திரும்பப் பார்த்தேன். 1.4. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. இடது விங்லெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அப்புறம் வலது. அவரே செய்தது. நுரைக்கட்டியின் மேல் பட்டையை ஒட்டி, வயர் பற்றவைத்து, நான் கருவியைப் பிடிக்க, அவர் பட்டையின் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரித்தார். இரண்டு மணி நேரம். 1.5-ல் நிறுத்தினோம். மறுநாள் ஷெட்டில் ஹீட்டரை ஓட விட்டு, துணியைப் போர்த்தி எபாக்ஸி தேய்த்தார். செப்பு மெல்ல மெல்ல மறைந்தது. நான் ஊருக்குக் கிளம்பி வந்துவிட்டேன்.

மற்ற ஆன்டெனாக்களை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ஜி.பி.எஸ். வானத்தைப் பார்க்க வேண்டும். மூக்கில், மேல் தோலுக்கு அடியில். ரேடாரில் 'நான் இன்னார்' என்று பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டருக்கு 1090 மெகாஹெர்ட்ஸ். கட்டைவிரல் நீளத்துக் குச்சி, வயிற்றுக்குக் கீழே. அதற்குத் தகர விமானத்தில் உடம்பே முதுகுத்தட்டாக நிற்கும். இங்கே உடம்பு கண்ணாடியிழை ஆயிற்றே, அதனால் ஒரு சாசர் அளவுக்கு உலோகத் தட்டு வெட்டி நாமே கொடுக்க வேண்டும். அதுவும் விமானியின் தொடைக்கு நேர் கீழே வேண்டாம், தள்ளி வை என்பார்கள். நூறு வாட்டுக்கு மேல் வெட்டி வெட்டித் துப்புகிற சாதனம் அது. ஒரு விசித்திரம்: ரேடியோவில் 121.2-ல் பேசினால் ஜி.பி.எஸ். சில சமயம் மிரண்டுபோகும். பதின்மூன்றால் பெருக்கிப் பாருங்கள். 1575.6. ஜி.பி.எஸ். கேட்பது 1575.42. பேச்சின் பதின்மூன்றாவது எதிரொலி போய் அதன் காதில் விழுகிறது. அதனால் இரண்டையும் தூரத் தூர வைக்க வேண்டும். பதின்மூன்று ராசியில்லாத எண் என்கிறவர்கள் வேண்டுமானால் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

இப்போது மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மதினிக்கு இந்த விமானம் ஆகாது. இவ்வளவு வருடம் காரைப் பனியில் நிறுத்தியது ஒரு பக்கம். எபாக்ஸி நாற்றம் ஒரு பக்கம். ஆனால் உண்மையான காரணம் 1997 அக்டோபரில் நடந்தது. ஜான் டென்வர் என்ற பிரபல பாடகர், கலிபோர்னியாவில் மான்டரே வளைகுடாக் கடலில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது இதே லாங்-ஈஸி. வரைபடத்தில் பெட்ரோல் டாங்க்கை மாற்றும் கைப்பிடி ஓர் இடத்தில் இருக்க, அந்த விமானத்தைச் செய்தவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். விசாரணை அறிக்கை அதையும் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. அமெரிக்காவில் லாங்-ஈஸி என்று சொன்னால் சாதாரண ஜனங்களுக்கு ஞாபகம் வருவது அதுதான். மதினி அந்த அறிக்கையைத் தேடி முழுசாகப் படித்திருக்கிறார்.

ஏறும் இடத்தில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்று குறைந்தது இரண்டு அங்குல உயரத்தில் எழுதியே ஆக வேண்டும் என்று அங்கே சட்டம். மதினி அதைப் படித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பாத்தீங்களா தம்பி, அவங்களே எழுதி ஒட்டிட்டாங்க. சோதனைன்னு!"

மதினி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. ரேடியோ இரண்டு இருக்க வேண்டும். அண்ணன் எடை, காசு, இடம் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். "கரண்ட் பில்லு கட்ட ரெண்டு அக்கவுன்ட் வச்சிருக்கீங்க. பேசுறதுக்கு ஒண்ணு போதுமா?" என்றார் மதினி. வலது ஆன்டெனாவுக்கு ஒரு ரேடியோ, பெரியவரின் இடது ஆன்டெனாவுக்கு ஒரு ரேடியோ என்று முடிவாயிற்று. கூடவே தனக்கென்று கையடக்க விமான ரேடியோ ஒன்றை மதினி வாங்கிக்கொண்டார். பேச மாட்டார், கேட்க மட்டும். ரப்பர் வால் மாதிரி ஆன்டெனா வைத்தது. சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் அதற்கு இடம்.

2021-ல் றெக்கைகளை உடம்போடு மாட்டி, நுனி விளக்குகளுக்கு வயர் இழுத்து, எல்லாவற்றையும் இணைத்த பிறகு அண்ணன் மறுபடி அளந்தார். இடது 1.4. வலது 3.1.

வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். அங்கே ராத்திரி பதினொன்று. "சவம், கால்வாசி திரும்பி வருதுலே." நான் என்ன சொல்ல? கனெக்டரை மாற்றினார். வயரை மாற்றினார். இரண்டு சனி, ஞாயிறு போயின. எபாக்ஸிக்குள் பற்றவைத்தது விட்டுப்போயிருந்தால் தோலை அறுத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு கட்டத்தில் கத்தியைக் கையில் எடுத்துவிட்டாராம். மதினிதான் ஷெட் கதவைத் திறந்து, "சாப்பிட்டுட்டு அறுங்க" என்றிருக்கிறார்.

சாப்பிட்டுவிட்டு வந்தவர், அறுக்காமல், இடது பக்கம் போய் நின்று பார்த்திருக்கிறார். இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

விளக்கு. பெரியவர் நுனி விளக்கை றெக்கை மட்டத்திலேயே வைத்திருந்தார். வயர் றெக்கைக்குள் படுக்கையாக வந்து, படுக்கையாகவே விளக்குக்குப் போய்விடும். அண்ணனுக்கு அது பழைய பாணியாகப் பட்டது. விளக்கு உயரத்தில் இருந்தால் தூரத்திலிருந்து தெரியுமே என்று வலது விங்லெட்டில் பாதி உயரத்தில் வைத்தார். அதற்கான வயர், செப்புப் பட்டைக்குப் பக்கத்திலேயே, அதற்கு இணையாக நெட்டுக்குத்தாக ஏறியது. ஆன்டெனாவுக்கு இணையாக எந்த உலோகம் ஓடினாலும் அதுவும் ஆன்டெனாவின் கூட்டாளி ஆகிவிடும், லாபத்தில் பங்கு கேட்கும். குறுக்கே போனால் கண்டுகொள்ளாது. 2017-ல் நாங்கள் அளந்தபோது வயருக்கான துளை மட்டும்தான் இருந்தது. வயர் இல்லை.

இடது பக்க விளக்கையும் மேலே ஏற்றுவதாகத்தான் திட்டம். நல்லவேளை, கை வைக்கவில்லை.

நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எனக்கு போட்டோ எடுத்து அனுப்பினார். விளக்கின் இடம் பென்சிலால் வரைந்திருந்தது. வயர் போகும் வழி கோடு போட்டிருந்தது. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. எத்தனையோ வருடம் கம்பத்தில் ஏறிக் கம்பி இழுத்தவருக்கு அதை எழுத வேண்டும் என்றே தோன்றியிருக்காது. வலது விளக்கைக் கீழே இறக்கி, வயரை உருவியதும் 1.6-க்கு வந்தது.

2022 செப்டம்பரில் முதல் பறப்பு. வீடியோதான் பார்த்தேன். அங்கே புது விமானத்துக்கு முதல் 25 மணி நேரமோ 40 மணி நேரமோ சோதனைக் காலம். இன்ஜினைப் பொறுத்தது. அண்ணனுக்கு 40. குறிப்பிட்ட எல்லைக்குள் தனியாகத்தான் பறக்க வேண்டும், பயணி கூடாது. அதற்குள் பனிக்காலம் வந்துவிட்டது. 2023 மே மாதம் அண்ணன் மகளின் பட்டமளிப்புக்கு நான் போனபோது மணிக்கணக்கு இன்னும் மிச்சம் இருந்தது. அந்தச் சனிக்கிழமை காலை ரேடியோ பரீட்சை.

பரீட்சை இப்படி. வடமேற்கே முப்பது கிலோமீட்டர் போய், மூவாயிரம் அடியில், றெக்கையை ரொம்பச் சாய்க்காமல் மெதுவாக ஒரு முழு வட்டம் அடிக்க வேண்டும். முப்பது டிகிரிக்கு ஒருமுறை திசையைச் சொல்ல வேண்டும். கீழே ஒருவர் கேட்டு மார்க் போட வேண்டும். விமான உலகத்தில் இதற்கென்றே உலகம் முழுக்க ஒரே அளவுகோல்: 5 என்றால் தெளிவு, 1 என்றால் புரியவில்லை. முதல் வட்டம் வலது ஆன்டெனா, இரண்டாவது வட்டம் இடது. பக்கத்து ஹேங்கர்காரர் தன் செஸ்னாவில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணனோடு பேசுவது அவர். 122.75, விமானங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அலைவரிசை. மதினி ஒரு மடக்கு நாற்காலியில், மடியில் ரப்பர் வால் ரேடியோ, கையில் கட்டம் போட்ட தாள். மேலே பன்னிரண்டு திசை, கீழே இரண்டு வரிசை. நான் சும்மா.

"முப்பது" என்றது ரேடியோ. ஆங்கிலத்தில்தான். ஆனாலும் அதற்குள் தூத்துக்குடி இருந்தது. மதினி 5 போட்டார். அறுபது, 5. தொண்ணூறு, 5. நூற்றிருபதில் 4. நூற்றைம்பதில் மறுபடி 5. நூற்றெண்பது, 4. இருநூற்றுப் பத்தில் குரல் கரகரத்தது. 3.

அடுத்தது இருநூற்று நாற்பது.

வரவில்லை.

முந்தைய திசைகளுக்கு நடுவே இருபது நொடி ஆகியிருக்கும். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது தாண்டியது. முப்பது தாண்டியது. மதினி ரேடியோவைக் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார். பேனா கட்டத்தின் மேலேயே நின்றது. வடமேற்கில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. முப்பது கிலோமீட்டரில் ஒன்றும் தெரியாது என்று தெரிந்தும் இரண்டு பேரும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அறிக்கையை மதினி முழுசாகப் படித்திருக்கிறார் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டாம்.

"டூ செவன் ஸீரோ" என்றது ரேடியோ. சாவகாசமாக.

மதினி 3 போட்டார். அடுத்து 5. அடுத்து 5. வட்டம் முடிந்தது.

இரண்டாவது வட்டம், பெரியவரின் ஆன்டெனா. இருநூற்று நாற்பதில் கணீரென்று வந்தது, 5. அதற்கு நேர் எதிரே, அறுபதில் மட்டும் கொஞ்சம் மங்கி, 3.

இறங்கி வந்த அண்ணன், தொப்பியைக் கழற்றிக்கொண்டே விளக்கம் சொன்னார். இருநூற்று நாற்பதில் போகும்போது அவருடைய இடது கைப்பக்கம் நம்மைப் பார்த்திருக்கும். வலது விங்லெட்டுக்கும் நமக்கும் நடுவில் அத்தனை பெரிய எஞ்சின். அலை மறிக்கப்படும், எஞ்சினில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையோடு மோதி ஒன்றையொன்று அழிக்கும். "எதிர்பாத்ததுதான். அதுக்குத்தானே இந்த டெஸ்டே. அந்தப் பக்கம் போறப்ப ரெண்டாவது ரேடியோவுல பேசணும், அவ்வளவுதான்." இரண்டாவது ரேடியோ யார் சொல்லி வாங்கியது என்பதைப் பற்றி அவர் பேசவில்லை. மதினியும் கேட்கவில்லை.

தாளை வாங்கிப் பார்த்தார். வலது வரிசையில் ஒரு கட்டம் காலி.

"இதுல நம்பர் போடலியே?"

"கேக்கல."

"கேக்கலைன்னா ஒண்ணு போடணும். அதான் ஸ்கேல். பூஜ்யம்லாம் கிடையாது. ஒண்ணுன்னா புரியலைன்னு அர்த்தம்." செஸ்னாக்காரரும் எட்டிப் பார்த்து, தனக்கு லேசாகக் கரகரவென்று ஏதோ வந்தது, ஒன்று போடலாம் என்றார்.

மதினி பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். "ஒண்ணுன்னா ஏதோ வந்துச்சு, புரியலன்னு ஆகும். எனக்கு ஒண்ணும் வரல. வராததுக்கு நான் என்ன நம்பர் போட?"

அண்ணன் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். அப்புறம் அதை அப்படியே ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, காக்பிட்டில் ரேடியோவுக்குப் பக்கத்தில், கை எட்டும் இடத்தில் ஒட்டினார். கட்டம் காலியாகவே இருந்தது.